தொண்ணூற்றாறு மதிப்பெண் மந்திரம்

என் அப்பாவுக்கு சமஸ்கிருதத்தின் மேல் இருந்த பக்திக்கு ஒரே காரணம், அதில் மதிப்பெண் கொட்டும் என்பதுதான். ராஜபாளையத்தில் அவர் வேலை பார்த்த நூல் மில்லின் மேனேஜர் மகள் அதை எடுத்துத் தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தாள். உடனே என்னையும் ஆறாம் வகுப்பில் தமிழிலிருந்து பெயர்த்து சமஸ்கிருதத்தில் நட்டுவிட்டார். பாதி விடைகளை ஆங்கிலத்திலேயே எழுதலாம்; மீதியை உருப்போட்டால் போதும். எட்டாம் வகுப்பில் நான் தொண்ணூற்றாறு வாங்கியதை அப்பா மில் கேட்டிலிருந்து பலசரக்குக் கடை வரை சொல்லித் திரிந்தார்.

அந்த வருடம்தான் அத்தை சொந்த வீடு கட்டினாள். வாடகை வீடுகளிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குள் பால் காய்ச்ச வேண்டும். அதற்கு மேல் ராகு காலம். நேரம் தப்பினால் இந்த வீடும் தனக்குத் தங்காது என்று உறுதியாக நம்பினாள். எட்டே முக்கால் ஆகியும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வரவேண்டிய ஐயரைக் காணோம். பசுமாடுகூட வந்து, நடுக்கூடத்தில் சாணம் போட்டுத் தன் கடமையை முடித்துக்கொண்டு போய்விட்டது. அத்தை அழ ஆரம்பித்தாள். அப்பா சும்மா இருந்திருக்கலாம்.

"எதுக்கு இப்ப அழுவுற? அதான் எம்மக இருக்கால்ல. சமஸ்கிருதம் பூராம் அவளுக்கு அத்துப்படி."

பொம்பளைப் பிள்ளை மந்திரம் சொல்லலாமா என்று மாமா முனகினார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, அம்புட்டு மார்க்கு வாங்குனவ, நாலு மந்திரம் சொல்ல மாட்டியா?"

சமஸ்கிருதத்தில் எனக்குத் தடங்கலில்லாமல் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தலைமையாசிரியருக்கு எழுதும் விடுப்பு விண்ணப்பம். மனைப்பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல் கண்டிருப்பதால் இரண்டு நாள் பள்ளிக்கு வர இயலாது, தயைகூர்ந்து விடுப்பு அளிக்கவும் என்று தேவபாஷையில் கணீரென்று வேண்டினேன். ஜ்வரம், வித்யாலயம் என்ற இரண்டை மட்டும் வாய்க்குள் விழுங்கினேன். அவை எங்கள் தெருவுக்கே தெரிந்த சொற்கள். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். 'தங்கள் பணிவுள்ள மாணவி' என்று முடித்தபோது எல்லோரும் பூத் தூவ, பால் பொங்கியது. அத்தை என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள்.

கண்ணைத் திறந்தால், வாசலில் ஐயர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். வழியில் வண்டி பஞ்சராம். நான் எழுந்து அத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரோ உட்கார்ந்து மற்ற சடங்குகளை முடித்தார். பந்தி தொடங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ சொன்னது எதுல வர்றது குழந்தே? நான் கேட்டதே இல்லையே."

"லீவு லெட்டர், சாமி" என்று அழுதுவிட்டேன்.

தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அப்போ நீ சொல்றதுக்கு உனக்கு அர்த்தம் தெரியும்" என்றார். கலசத்து நீரைத் தெளிக்கும்போது தான் சொல்கிற ஒரு வரியை மெதுவாகச் சொல்லி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டார்.

ஏமாற்றியதற்குத் தண்டனையாக வாய்மொழித் தேர்வு வைக்கிறார் என்று நினைத்தேன். நீர் என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. தெரியாத கேள்விக்கும் பக்கத்தை நிரப்பிப் பழகியவள் நான். எங்கள் குழாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் வந்த காலம் அது. "தண்ணியே, நீ நாள் தவறாம எங்க வீட்டுக்கு வரணும்" என்று அடித்துவிட்டேன்.

"அப்படியா?" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, கூடவே உதட்டை அசைத்துக் கேட்டுக்கொண்டார். "எங்கப்பா சொல்லுன்னார், சொன்னேன். அர்த்தம் கேட்டா அடிதான் விழும்." அவர் கண் கலங்கியிருந்தது. தேறிவிட்ட சந்தோஷத்தில் நான் பாயசத்துக்கு ஓடினேன்.

அது தேர்வே இல்லை, அவர் நிஜமாகவே கேட்டார் என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. வாழ்நாளில் ஒரே ஒருமுறை வெட்கத்தை விட்டு ஒருவரிடம் கேட்டிருக்கிறார். அந்த ஒருவர் நானாகப் போய்விட்டது. அதன் பிறகு எத்தனை வீடுகளில் என் பொருளை மனதில் நினைத்துக்கொண்டு அவர் நீர் தெளித்தாரோ.