மண்ணீரல் வளர்ந்த வருஷம்

என் மனைவிக்கு வயிறு தெரிய ஆரம்பித்தபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். இரண்டு மாதமாகத் தீட்டும் வரவில்லை. நான் ஒரு அவசரக்குடுக்கை. அன்றைக்கே மருந்துக்கடையில் டெஸ்ட் கிட் வாங்கிவந்தேன். அவள் அதைப் பிரிக்க விடவில்லை.

"மாதா திருவிழா முடியட்டும்ங்க. நவநாள் ஒன்பது நாளும் காவி கட்டுறதா நேர்ந்திருக்கேன். அதுக்குள்ள பார்த்தா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும்."

ஒன்பது நாளும் காவிப் புடவையில் கோயிலுக்கு நடந்தாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிள்ளைத்தாச்சி என்றால் அப்படித்தான் என்று பெருமையாக இளநீர் வாங்கிக் கொடுத்தேன், மடையன். கீழ்வீட்டு அக்காவிடமும் நானே போய்ச் சொன்னேன்.

பத்தாம் நாள் கிட்டில் ஒரே கோடு. ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. வயிற்றை அடைத்துக்கொண்டிருந்தது வீங்கிய மண்ணீரல்.

இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுக்கப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. "எலும்புக்குள்ள ரத்தம் உற்பத்தியாகிற இடமே நாராகி இறுகிப்போச்சு," என்றார் டாக்டர். கெட்டுப்போன சில அணுக்கள் தங்களைச் சுற்றியிருந்த நல்ல திசுவையும் தழும்பாக்கிவிட்டனவாம். அங்கே இடமில்லாமல் போன ரத்த அணுக்கள் மண்ணீரலில் குடியேறிப் பெருகிக்கொண்டிருந்தன. நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். மாத்திரை வீக்கத்தைக் குறைக்கும், தழும்பை ஆற்றாது. மஜ்ஜை மாற்றுவதென்றால் அதை அவள் உடம்பு தாங்க வேண்டும்.

வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்தது என்பார்கள். எங்கள் தாழியில் வெண்ணெயே இருந்திருக்கவில்லை.

மாத்திரை கேட்டது. மூன்று மாதத்தில் வயிறு ஒட்டியது. டாக்டர் அமுக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் வயிற்றின்மேல் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நோயைப் பற்றித் தெருவில் யாரிடமும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கீழ்வீட்டு அக்கா, ஒட்டிய வயிற்றைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா? எத்தனாவது மாசத்துல கலைஞ்சுது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"அஞ்சாவது மாசம்க்கா."

"என்ன புள்ளம்மா?"

"பொண்ணுக்கா."

டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்றுகூட அழாதவள், அக்காவின் தோளில் சாய்ந்து கதறினாள். எங்களுக்குப் பிறக்கவிருந்தது பெண் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.