பெர்மனென்ட்டா தம்பி?

மில் கேட்டில் ஆள் வரவைக் குறிக்கும் டைம் ஆபீசில் உட்கார்ந்தவன், ஊரில் உள்ள கல்யாணங்களுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் நூல் மில் ஒன்றில் எனக்கு வாய்த்தது அந்த நாற்காலி. இங்கிலீஷில் எத்தனையோ சொல் இருக்க, எங்கள் சனங்கள் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்: பெர்மனென்ட். வேலைக்கு முன்னால் வரவேண்டிய சொல்லை ஆளுக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். டெம்பரவரியாக இருந்து காய்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வடமதுரைக்காரர்

வேலுச்சாமி கன்னிவாடிப் பையன், பதிலி ஆள். நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால்தான் அவனுக்கு அன்றைக்கு வேலை. காலைச் சங்குக்கு முன்பே கேட்டில் வரிசையில் நிற்பான். டைம் ஆபீசிலிருந்து கூப்பிட்டால் உள்ளே, இல்லாவிட்டால் வந்த வழியே வீடு.

அவனுக்குப் பெண் கொடுக்க நினைத்த வடமதுரைக்காரர் என்னிடம் விசாரிக்க வந்தார். முதலில் என் ஊர், சாதிசனமெல்லாம் கேட்டு, நானும் அவர்கள் ஆள்தான் என்று திருப்திப்பட்டுக்கொண்டார். பையனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது என்று நான் அடுக்கியதை அவர் காதிலேயே வாங்கவில்லை. பெர்மனென்ட்டா என்றார். சீக்கிரம் ஆகிவிடும் என்றேன்.

"குடிகாரனாயிருந்தாக்கூடத் திருத்திப்புடலாம் தம்பி, பெர்மனென்ட் இல்லாதவன என்ன செய்ய? ஆகட்டும், மறுநாளே வெத்தல பாக்கு மாத்திக்கிருவோம்."

நாகல் நகரில் ஒரு வீடு

அடுத்தவன் பெர்மனென்ட்டா என்று சொல்ல உட்கார்ந்திருந்த நானே டெம்பரவரிதான். அது வடமதுரைக்காரருக்குத் தெரியாது. நாற்காலியில் இருப்பவனை யார் சந்தேகப்படுவார்கள்?

நாகல் நகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். நாலு வருஷமாக டெம்பரவரி என்றேன். இத்தனை வருஷம் என்றால் மரியாதை கூடும் என்று நினைத்தேன். சாவி முந்தானைக்குப் போய்விட்டது.

"நாலு வருசமா ஆக்கலைன்னா, உங்ககிட்டதான் என்னமோ கோளாறு இருக்கணும்."

டாக்டர் பார்த்தார்

மறு வருஷம் வேலுச்சாமியின் முறை வந்தது. மில் டாக்டர் பார்த்துச் சரி என்றால் போதும், பெர்மனென்ட். புதுச் சட்டையோடு போனான். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார், இருமச் சொன்னார். அவன் இருமத் தொடங்கி நிறுத்த முடியாமல் இருமினான். பஞ்சுத் தூசி. ஆள் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆனால் பதிலியாக வருவதற்கு டாக்டர் தயவு வேண்டாம். அதனால் மறுநாள் காலை, அதே பஞ்சுக்குள் அவனை அனுப்பியவன் நான்தான். உள்ளே போகுமுன் அவன் சொன்னான்:

"மில்லுக்கு வரும்போது இருமல் இல்ல சார். இங்கன வந்துதான் புடிச்சுச்சு. அது பெர்மனென்ட் ஆயிருச்சு, நான் ஆகல."

மறுபடியும் அவர்

வடமதுரைக்காரர் இரண்டாம் முறை வந்தது காலைச் சங்கு நேரத்தில். வரிசையில் வேலுச்சாமி நின்றிருந்தான். மறைக்க வழியில்லை, நடந்ததைச் சொன்னேன். பாவம், அவருக்கும் பெண்ணைப் பெற்ற கவலை. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா தம்பி? நீங்க பெர்மனென்ட்தானே?"

பதில் வரிசையிலிருந்து வந்தது. வேலுச்சாமி கோபமில்லாமல், இருமலை அடக்கிக்கொண்டு சொன்னான்:

"அவரும் என்னைய மாதிரிதான் மாமா."

பிற்பாடு நானும் பெர்மனென்ட் ஆனேன். ஆன அன்றைக்கு, பெர்மனென்ட்டா என்று விசாரிக்கக் கேட்டில் ஒருவரும் இல்லை, போய்ச் சொல்லலாமென்றால் வரிசையில் வேலுச்சாமியும் இல்லை.