தோளில் கிடந்த கை

கோயமுத்தூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து உக்கடம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பல்லடம் போக வேண்டியவன் வேறு திசையில் நடக்கிறேன் என்பது பெரியகுளத்துக் கரை வந்த பிறகுதான் உறைத்தது. உறைத்த பிறகும் திரும்பவில்லை. தோளில் என் பை. கையில் ஒரு தூக்குப்போசி. அதற்குள் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு. ரயிலில் சாப்பிடட்டும் என்று காலையில் எழுந்து ஆக்கிக் கொண்டுவந்தேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

அவனை வழியனுப்பத்தான் போனேன். என் பையையும் ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால் தெரியாது. அது பழக்கம். வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன் நான். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு மலையை விட்டு இறங்கினேன். மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை தூக்கினேன், ஓட்டலில் மேசை துடைத்தேன், கோழிப்பண்ணையில் தீவனம் போட்டேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. பல்லடத்துப் பக்கம் அந்தத் தறிக்குடோனில் மட்டும்தான் அதைத் தாண்டி இருந்தேன். காரணம் அவன்.

பீகாரில் ஏதோ ஒரு கிராமம். என்னைவிட நாலைந்து வயது இளையவன். குடோனுக்குப் பின்னால் இருந்த அறையில் எங்கள் இருவரையும் போட்டார்கள். ஒரு அடுப்பு, ஒரு கத்தி, ஒரு ஃபேன். அவன் ரொட்டி சுட்டால் நான் தின்பேன், நான் சோறு ஆக்கினால் அவன் தின்பான். ரசத்தைக் குடித்துவிட்டுக் கண்ணில் நீர் வர உட்கார்ந்திருப்பான், மறுபடியும் தட்டை நீட்டுவான்.

தறி ஓடும்போது எந்தப் பாஷையும் வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. நூல் அறுந்தால் விரலைச் சொடுக்கிக் காட்டுவோம், தண்ணீருக்குக் கட்டைவிரல். நான் எப்போதும் கழுத்தில் துண்டு போட்டிருப்பேன். தறியின் பெல்ட்டில் அது மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். அவன் தன் தறியை விட்டு ஓடி வந்து, என் காதுக்குள் இந்தியில் கழுத்து, கழுத்து என்று கத்தி, துண்டை உருவி எறிந்துவிட்டுப் போவான். இந்தியில் நான் முதலில் கற்ற சொல் அதுதான்.

கரண்ட் போனால்தான் பேச்சு. தறிகள் ஒன்றொன்றாக அடங்கி, காது திறந்துகொள்ளும். வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்போம். மொதலாளி வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டுவிடுவான். குடோனுக்குள் நாய் வந்தால், "போங்க, வெளிய போங்க" என்பான்.

"நாய்க்கெதுக்குடா மரியாதை?"

"கடிச்சா யாரு ஊசி போடறது அண்ணா? நீயா?"

என்னிடம் மட்டும் அந்த 'ங்க' கிடையாது. "டேய் அண்ணா, எந்திரி" என்று காலால் தட்டி எழுப்புவான். எனக்கு அது பிடித்திருந்தது. என்னை அப்படி எழுப்ப அதுவரை யாரும் இருந்ததில்லை.

பிறகு எல்லோர் கையிலும் நல்ல ஃபோன் வந்தது. எனக்கும்தான். கரண்ட் போனால் மரத்தடியில் எல்லோரும் முன்போலவே உட்கார்ந்தோம், குனிந்தபடி. கரண்ட் வந்துவிட்டதே என்று சலித்துக்கொண்டு எழுந்தோம்.

ஒரு நாள் அவன் எழவில்லை. தறி ஓடத் தொடங்கிய பிறகும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். போய் எட்டிப் பார்த்தேன். ஒரு தெருவில் சிலர் ஒருவனைத் துரத்தி வெட்டுகிறார்கள். ஆட்கள் பேசுவது கேட்கவில்லை, மேலே ஒரு பயமுறுத்தும் இசை. கீழே இந்தியில் எழுத்து ஓடியது. தமிழ்நாட்டில் நம் ஆட்களை இப்படிக் கொல்கிறார்கள் என்று போட்டிருப்பதாகச் சொன்னான்.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் நம் எழுத்து எது என்று தெரியாதா? அந்தத் தெருவின் கடைப் பலகையைக் காட்டினேன். "இது தமிழே இல்லடா. எந்த ஊரோ என்னமோ."

"எனக்கு எல்லா எழுத்தும் ஒண்ணுதான் அண்ணா," என்றான்.

அது போதவில்லை. அதைப் பார்த்து முடிப்பதற்குள் ஃபோன் அதேபோல இன்னொன்றைக் கொண்டுவந்து நீட்டியது. சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று ஒன்று. தூங்கும்போது வருகிறார்கள் என்று ஒன்று. பக்கத்துக் குடோன்களிலிருந்து அவன் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். பல்லடத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. பஸ்ஸில் இடம் கொடுக்கிறவர்கள் கொடுத்தார்கள், பேக்கரியில் டீ போடுகிறவர் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் ஃபோனுக்குள்தான் நடந்தது.

மொதலாளி கலங்கிப்போனார். தோட்டத்தை ஒரு பக்கம் விற்றுத் தறி போட்டவர். நல்ல மனுஷன். என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, இவனும் போறானாமே? நாம ஒரு சொல்லு வைஞ்சிருப்பமா இவனை? கேளு கண்ணு," என்றார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்புல இருக்கறீங்க. ஒண்ணாச் சாப்படறீங்க. அதை அப்படியே வீடியோ எடுத்துப் போட்டுட்டா? அவிய வீட்டுல பாத்தா சமாதானம் ஆயிருவாங்கல்ல?"

எனக்கும் அது சரியென்று பட்டது. வேப்பமரத்தடியில் நின்றோம். மொதலாளியே ஃபோனைப் பிடித்தார்.

"ஒட்டி நில்லுங்கப்பா. கையத் தோளு மேல போடு கண்ணு. அட, சிரி. பொண்ணுப் பாக்க வந்தவனாட்ட நிக்கறயே?"

அவன் அதற்கு வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். இந்தியில், நான் நன்றாக இருக்கிறேன், இது என் அண்ணன், இவன் வைக்கிற ரசத்துக்குத்தான் நான் பயப்பட வேண்டும், வேறு எதற்கும் இல்லை என்று சொன்னான். சொல்லி முடித்தோம். மொதலாளி ஃபோனைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயோ சாமி, பொத்தானையே அமுக்காம விட்டுப்போட்டேன். இன்னொருக்காச் சொல்லு கண்ணு."

இரண்டாவது தடவை ரசத்தை விட்டுவிட்டான். மூன்றாவது தடவை வார்த்தை தடுக்கியது. நடுவில் ஒரு லாரி ஆரன் அடித்துக் கெடுத்தது. கடைசியாகப் பதிவானதில், யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பதுபோல நின்றான். வெயில் நேர் முகத்தில் அடித்ததால் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம்தான் கையை அவன் தோளில் வைத்திருப்பது? அது மெதுவாக நழுவி அவன் கழுத்தோரம் கிடந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மொதலாளி அதைத்தான் அனுப்பினார்.

அது எங்களை விட்டுப் போய் எங்கெங்கோ சுற்றியது. திரும்பி அவன் ஃபோனுக்கு வந்தபோது வேறு மாதிரி வந்தது. அதே பயமுறுத்தும் இசை. என் கையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். என் முகத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு நொடி நிறுத்திக் காட்டினார்கள். மிரட்டிப் பேச வைக்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்ததாம். அதை அவன் எனக்குச் சொல்லவில்லை. குடோனில் மீதியிருந்த இன்னொருவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு அவன் அம்மா கூப்பிட்டாள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. அழுதாள். அவள் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. கழுத்து என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அவன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பேசினான். உள்ளே நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவன் அவளுக்கு மறுத்துச் சொல்வான், அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை என்பான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சொன்னானோ என்னவோ. ம், ம் என்பதுதான் என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். நிறையத் தடவை பார்த்தேன். முதலில் பார்க்கும்போது அது நாங்கள். பார்க்கப் பார்க்க, ஒரு பையனும் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முறைக்கிற ஒரு ஆளும். அந்தக் கை என்னுடையது. அதில் எவ்வளவு பாரம் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆளைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. அடியில் நம் ஆட்கள் தமிழில் எழுதியிருந்ததையும் கூட்டிப் படித்தேன். போய்த் தொலையட்டும், நம்ம வேலை நமக்கே ஆகும் என்று எழுதியிருந்தார்கள். வடக்கே இருந்து எழுதியவர்கள் என் கையை வெட்ட வேண்டும் என்று எழுதியிருந்ததாக ஒருவன் படித்துச் சொன்னான். என்னைத் தெரியாதவர்கள் இத்தனை பேருக்கு என் மேல் இவ்வளவு கோபம்.

குழாயடியில் அவன் ஊர்க்காரர்கள் நாலு பேர் இந்தியில் பேசிச் சிரித்தால், முன்பெல்லாம் எனக்கு அது சிரிப்புச் சத்தம், அவ்வளவுதான். இப்போது என்னைச் சொல்லிச் சிரிக்கிறார்களோ என்று வாளியை வைத்துவிட்டு நிற்க ஆரம்பித்தேன். அப்படி நின்றதை அவன் பார்த்தான். சிரிப்பு நின்றது.

ஒரு சாயங்காலம் சமைக்க உட்கார்ந்தேன். கத்தியைக் காணவில்லை. அடுப்புக்கடியில், பாத்திரத்துக்குள், எங்கும் இல்லை. "கத்தி எங்கடா?" என்று கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"தெரியாதுங்க."

என்னிடம் அவன் சொன்ன முதல் 'ங்க'. நான் வெங்காயத்தைக் கையால் நசுக்கிப் போட்டுச் சமைத்தேன். மறுநாள் கூட்டும்போது கோதுமை மாவு டப்பாவை நகர்த்தினேன், உள்ளே ஏதோ இடித்தது. கையை விட்டுப் பார்த்தால் கத்தி, துணியில் சுற்றி ஆழப் புதைத்து வைத்திருந்தது. எடுக்கவில்லை. மாவை மேலே தள்ளி மூடிவிட்டேன். அதற்கப்புறம் அந்த அறையில் கத்தியே இல்லாமல்தான் சமைத்தோம்.

போகிறேன் என்று மொதலாளியிடம்தான் சொன்னான், என்னிடம் இல்லை. கோயமுத்தூர் போய் ரயில் ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவும் அவனால் முடியவில்லை. வேனில் எனக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. அவன் முன்னால் போய் ஒருவன் மடியில் பாதி உட்கார்ந்துகொண்டான்.

பிளாட்பாரத்தில் அவன் ஊர்க்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். என்னைப் பார்த்து ஒருவன், யார் இது என்று கேட்டான். "அறையில் இருக்கிற ஆள்," என்று இந்தியில் சொன்னான் அவன். அந்த அளவுக்கு இந்தி எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

வண்டி வந்தது. தூக்குப்போசியை நீட்டினேன். கை பாதி தூரம் வந்தது. பின்னாலிருந்து யாரோ என்னவோ சொன்னார்கள். கை திரும்பிப் போய்விட்டது.

"வேண்டாங்க அண்ணா. வழியில வாங்கிக்குவேங்க."

"ரசம் இல்லடா. அரிசியும் பருப்பும்."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. அழுவானோ சிரிப்பானோ என்று நின்றேன். அவனைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தான். வண்டி நகரும்போது ஜன்னலுக்கு ஜன்னல் ஃபோன்கள் வெளியே நீண்டன, ஊரைப் பதிவு செய்ய. அவனும் எடுத்தான். முகத்துக்கு முன்னால் ஃபோன் இருந்ததால் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அதில் நானும் இருப்பேன், கையில் போசியோடு. எப்படித் தெரிகிறேனோ.

குளத்தைத் தாண்டி, குனியமுத்தூர் தாண்டி நடந்தேன். கேரளா லாரிகள் தூசி கிளப்பிக்கொண்டு போயின. இரண்டு தடவை ஃபோனை எடுத்துப் பார்த்தேன். அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. என்ன எழுதுவது என்று எனக்கும் வரவில்லை. மதுக்கரை வந்தபோது பசித்தது. ஒரு பழைய எடைமேடைச் சுவரோரம் உட்கார்ந்து போசியைத் திறந்தேன். வாயில் வைக்கும் முன் மோந்து பார்த்தேன். வெயிலில் கெட்டிருக்குமோ என்றுதான் பார்த்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சோறு நன்றாகத்தான் இருந்தது. முழுவதையும் தின்றேன். அந்தச் சுவரோரமே படுத்தேன்.

காலையில் பக்கத்து சிமெண்ட் குடோனில் போய் நின்றேன். மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, மூட்டை தூக்கிப் பழக்கமுங்களா?"

"உண்டுங்க. முன்னால இங்கதான் தூக்கினேன்."

"நல்ல சமயத்துல வந்தீங்க. இந்திக்காரப் பசங்க பாதிப் பேரு ஓடிப்போட்டாங்க. லாரி லாரியா நிக்குது. யாரோ எதையோ போட்டாங்கன்னு இவிய ஓடறாங்க. கருமம் புடிச்ச ஃபோனு."

ஆணியில், ஓடிப்போனவன் எவனுடையதோ ஒரு தலைத்துண்டு தொங்கியது. எடுத்துக் கட்டிக்கோங்க என்றார். சிமெண்ட் படிந்து விறைத்துப்போயிருந்தது. உதறிக் கட்டிக்கொண்டேன்.

வந்த ஆட்களுக்கு அத்தாட்சியாக ஃபோட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்ப வேண்டுமாம். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். எனக்குப் பக்கத்தில் வடக்கத்திக்காரர் ஒருவர், கொஞ்சம் வயதானவர், போகாமல் தங்கிவிட்டவர். என்னை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நெருங்கி நில்லுங்கப்பா, ஃபோட்டோவுக்குள்ள வரமாட்டேங்குது," என்று மேஸ்திரி கத்தினார்.

வடக்கத்திக்காரர் ஓரடி நகர்ந்து வந்தார். நானும் நகர்ந்தேன். தோளும் தோளும் இடித்தன. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி இரண்டையும் முன்னால் கோர்த்து வைத்துக்கொண்டேன். எடுத்து முடித்ததும் லாரியின் பின்கதவு இறங்கியது. பக்கத்தில் நின்றவர்தான் முதல் மூட்டையைத் தூக்கி என் முதுகில் ஏற்றினார்.