தாமசின் வளர்த்த துரைவீட்டுப் பசு

தாமசின் ஹெக்ஸ்ட் என்பவளைப் போல ஒரு பிடிவாதக்காரியை எங்கள் டெவன் சீமை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அவள் வீட்டுக்கு எதிரே எங்கள் பீர்க்கடை. அவள் அடித்த கூத்தையெல்லாம் நாள் தவறாமல் பார்த்துத் தொலைக்கவேண்டும் என்பது என் தலையெழுத்து.

கூத்தை ஆரம்பித்தது அவளல்ல, பெரிய வீட்டார்தான். எங்கள் ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த சர் ஹம்ப்ரி துரை பிள்ளையில்லாமல் கண்ணை மூடினார். நிலம் முழுவதையும் தங்கை மகன் லூக்கஸுக்கு உயில் எழுதியிருந்தார். பங்காளி மகன் பியர்ஸுக்கு அது பொறுக்கவில்லை. ஆண் வழிக்கு மட்டுமே சேரவேண்டும் என்று முப்பாட்டன் எழுதிவைத்த சொத்து, உயில் எழுத இவர் யார் என்று லண்டன் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அதோடு எங்களுக்குச் சனி பிடித்தது. கூரை ஒழுகுகிறது என்றால் லூக்கஸின் ஆள் பியர்ஸிடம் போகச் சொல்வான், பியர்ஸின் ஆள் லூக்கஸிடம் விரட்டுவான். வழக்கு முடியாமல் ஒரு ஓக் மரத்தை வெட்டி உத்தரம் மாற்றக்கூட எங்களுக்கு அனுமதியில்லை.

அந்த நேரம் பார்த்தா தாமசினின் புருஷன் டிகரி சாகவேண்டும்?

எங்கள் பக்கத்தில் குடியானவன் செத்தால் அவனிடம் இருப்பதிலேயே நல்ல மாடு துரைக்குப் போகும். மாட்டை வாங்கிக்கொண்டு துரையின் காரியஸ்தர் ஒரு கோலை நீட்டுவார். அதன் மறுமுனையை விதவை பிடித்தாளானால், மறுமணம் செய்யாதவரை வீடும் வயலும் அவளுக்கு. பிடிக்காதவளை எப்போது வேண்டுமானாலும் தெருவில் தள்ளலாம். டிகரியிடம் இருந்தது ஹேசல் என்ற ஒரே செவலைப் பசு.

அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பினால், இரு தரப்புக் காரியஸ்தர்களும் கொட்டில் வாசலில் ஆளுக்கொரு கயிற்றோடு நிற்கிறார்கள். மாட்டை வாங்குகிறவர்தானே துரை என்று ஆகிவிடும்? அதற்குத்தான் அந்தப் போட்டி.

"பியர்ஸ் துரைக்குச் சேரவேண்டிய மாடு. கயித்த விடுய்யா!"

"ஒங்க துரைக்கு இந்த ஊர்ல கோழிமுட்டகூடக் கெடையாது. நீ விடு!"

தாமசின் கறுப்பு உடையோடு நடுவில் போய் நின்றாள். "யாராவது ஒருத்தர் புடிச்சிட்டுப் போங்கய்யா. எனக்கு அந்தக் கோல நீட்டிட்டுப் போங்க, போதும்."

மாட்டைப் பிடிக்கக் குடியானவர் இருவர் சாட்சி நிற்கவேண்டும். ஒருவருக்கு நின்றால் மற்றவருக்குப் பகை. எங்கள் ஊர் ஆம்பளைகள் எல்லோருக்கும் அந்த நிமிடம் பூட்ஸ் கயிறு அவிழ்ந்துவிட்டது. குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை, என் வீட்டுக்காரர் தலை உட்பட. சாட்சி கிடைக்காமல், மற்றவனுக்குக் கொடுத்தால் தொலைத்துவிடுவேன் என்று ஆளுக்கொரு முறை மிரட்டிவிட்டுக் காரியஸ்தர்கள் போனார்கள்.

மறுநாளே தாமசின் என்னிடம் ஆரம்பித்துவிட்டாள்.

"ஹேசல் இனிமே என் மாடு இல்ல, வில்மட். தொரையோடது."

"எந்தத் தொரையோடது?"

"அத அவங்க பேசி முடிச்சிக்கட்டும். நான் பாத்துக்குறேன், அவ்வளவுதான்."

"அப்ப பாலு?"

"பாலு, புல்லு போட்டவளுக்கு."

வருடங்கள் ஓடின. வழக்கு நத்தையாக நகர்ந்தது. நல்ல கொத்தனார் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். வீடு போய்விடும் என்று மறுத்துவிட்டாள். ஹேசல் கிழடானது, பால் வற்றியது, பல் விழுந்தது. கசாப்புக்காரர் வந்து கேட்டபோது, அடுத்தவர் மாட்டை எப்படி விற்பது என்று திருப்பி அனுப்பினாள். பனிக்காலத்தில் தன் ரொட்டிக்கு வைத்திருந்த பார்லியை ஊறவைத்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, ஒனக்கே சோத்துக்கு வழியில்ல! அந்தக் கெழட்டு மாட்டுக்கு மருமக மாதிரி ஊட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க!"

"மருமகளா இருந்தா எப்பவோ சண்ட போட்டுட்டுப் போயிருப்பா," என்றாள் அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒருவழியாக பியர்ஸ் துரை ஜெயித்தார். வக்கீல்கள் தின்றது போக மிஞ்சிய நிலத்துக்கு அவர் துரை. புதுக் காரியஸ்தர் குரூயிஸ் கோலோடு வந்தவர், நேராகத் தாமசினின் கிடேரியைக் கைகாட்டினார். ஹேசலின் கடைசிக் கன்று அது, சினையாக இருந்தது.

"ஒன் புருஷன் செத்ததுக்கு மாடு பாக்கி இருக்கும்மா. அத அவுத்து விடு."

"அது அவரு செத்தப்புறம் பொறந்ததுங்க. தொரையோட மாடு உள்ள நிக்குது."

உள்ளே எட்டிப் பார்த்தவர் முகம் போன போக்கைச் சொல்லவேண்டும். "இதையா? இத வெச்சிக்கிட்டு நான் என்னம்மா பண்றது? மாடே வேணாம், போ. கோலப் புடி."

"மாடு வாங்காம கோல நீட்டுனா நாளைக்குச் செல்லாதும்பீங்க. மாட்டப் புடிங்கய்யா."

இந்தத் தடவை ஒரு பூட்ஸும் அவிழவில்லை. அவிழ்ந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டேன், என் வீட்டுக்காரரை முதுகில் கைவைத்துத் தள்ளி நானே சாட்சிக்கு நிறுத்தினேன். அடுத்த வீட்டுக்காரரும் வந்து நின்றார். குரூயிஸ் வேண்டாவெறுப்பாகக் கயிற்றை வாங்கினார். தாமசின் கோலைப் பிடித்தாள். வீடும் வயலும் அவளுக்கு என்றானது.

எனக்கானால் குதிக்கவேண்டும் போல் இருந்தது. அவளோ கோலை விட்டதும் காரியஸ்தரின் பின்னாலேயே தெருமுனைவரை ஓடினாள்.

"பல்லு இல்லங்க அதுக்கு. பார்லிய ராவே ஊற வெச்சிடணும். எடது பக்கமா நின்னு குடுத்தாத்தான் திங்கும்."

குரூயிஸ் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். துரைவீட்டு வேட்டைநாய்களுக்கு என்ன இரை போடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இவள் இப்படிச் சொல்லிக்கொண்டு ஓடியதை என்னால் தாங்கமுடியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன்.

"பைத்தியமாடி ஒனக்கு? அது நாய்ப்பட்டிக்குப் போவுதுடி! தெரியாதா?"

"தெரியும்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "ஒண்ணும் சொல்லாம அனுப்ப மனசு வரல வில்மட்."