ஆறு மூடி, ஆறு பொட்டு

முப்பத்தொரு வருஷம் ஸ்பானர் பிடித்தவன் நான். அதில் கடைசி ஒன்பது வருஷம் பாளையங்கோட்டை பைபாஸ் ஓரம் பழைய கார் வாங்கி விற்கிற ஒரு யார்டில். இப்போது முட்டி வலி வந்து மேலப்பாளையத்தில் வீட்டோடு இருக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் சிலர் தேடி வந்து, "பாய், பழைய வண்டியில சர்வீஸ் ஆயிருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்று கேட்கிறார்கள். ஆயிலை விரலில் தொட்டுப் பார், பெல்ட்டை அமுக்கிப் பார் என்று நான் சொல்லப்போவதாக நினைத்து நோட்டைத் திறக்கிறார்கள். நான் அவர்களுக்கு எங்கள் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி வைத்த பொட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் ஒரு கார் புதிதாக யார்டுக்குள் வந்தது. அண்ணாச்சி குளித்து, தலை ஈரத்தோடு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், கண்ணாடியில் பொட்டு வைப்பார்கள். இவர் பானெட்டைத் திறந்தார். ஆயில் மூடி, ஏர் ஃபில்டர் பெட்டி, கூலன்ட் மூடி, பிரேக் ஆயில் மூடி, டைமிங் கவர், பேட்டரி மூடி. ஆறு இடத்திலும் கட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். எல்லாம் பாதி மூடியிலும் பாதி அதற்குக் கீழேயும் படுகிற மாதிரி.

"மூடி சேருத இடத்துலதான் வே கெட்டது உள்ள போகும். அங்கன ஒரு பொட்டு இருந்தா எதுவும் அண்டாது" என்றார்.

"வேலை வந்தா மூடியைத் திறக்கணுமே அண்ணாச்சி?"

"நீரு அழிக்க வேண்டாம். என்னையக் கூப்பிடும். நானே எடுத்துத் தாரேன்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவர் சாமிக்கு வைத்ததில் நான் கை வைப்பது முறையில்லை. வண்டி கழுவுகிறவரிடமும், பானெட்டுக்குள் தண்ணீர் அடித்தால் பொட்டைச் சுற்றி அடியும், மேலே அடிக்காதேயும் என்று நானே சொல்லி வைத்தேன். பின்னால் நடந்ததில் என் பங்கும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பொட்டை எடுக்க நான் அண்ணாச்சியைக் கூப்பிட்ட தடவைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஏனென்றால் அந்த யார்டில் மூடியைத் திறக்கிற வேலை வருவதே அபூர்வம். வண்டி வரும், குளிக்கும், சீட்டுக்கு ஷாம்பு போடும், டயருக்குக் கறுப்புப் பூசிக்கொள்ளும், விலைக்கு நிற்கும்.

2. கார்டு

ஒரு வருஷம் அண்ணாச்சி சர்வீஸ் கார்டு அச்சடித்துக்கொண்டு வந்தார். வழவழப்பான அட்டை. ஆயில், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், டைமிங் பெல்ட், பேட்டரி என்று ஆறு வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அடியில் 'பரிசோதித்தவர்' என்று போட்டு ஒரு கோடு. அந்தக் கோடு எனக்கு.

வண்டி யார்டுக்குள் வந்து இஞ்சின் சூடு ஆறுவதற்குள் அண்ணாச்சி ஆறு கட்டத்திலும் டிக் அடித்துவிடுவார்.

"ஒண்ணுமே பாக்கலியே அண்ணாச்சி?"

"பாக்கத்தான போறோம். டிக்குங்கது ஒரு நம்பிக்கை வே. போடும் கையெழுத்த."

போட்டேன். ஒன்றல்ல, எத்தனையோ போட்டேன். வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, நம் நிய்யத்து, மனசிலுள்ள எண்ணம், சரியாக இருந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிய்யத்தும் சரியில்லை என்பதுதான் உண்மை. பேசாமல் இருந்தால் வேலை நிற்கும் என்று பேசாமல் இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

3. டீச்சர் வந்த வெள்ளிக்கிழமை

அது ஒரு வெள்ளை டீசல் கார். தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது. வந்த அன்றே அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன், டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கெடு எப்போதோ முடிந்துவிட்டது, ஓடும்போது அறுந்தால் இஞ்சின் போய்விடும் என்று. "பைய பாப்போம்" என்றார். சந்தனம் மட்டும் உடனே வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நான் அஸர் தொழுதுவிட்டு வந்த நேரம், கோமதி டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஊர் பாளையங்கோட்டை. களக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறுதலாகி, தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறார். கார் வாங்கினால் அதே பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இன்னும் மூன்று பேர் அதில் சேர்ந்து வருவார்களாம். அந்த ரோட்டை எனக்குத் தெரியும். சேரன்மகாதேவியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வயலும் வாழையும்தான். அங்கே பெல்ட் அறுந்து நின்றால் மயில்தான் வந்து விசாரிக்கும்.

டீச்சர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அண்ணாச்சி கார்டை நீட்டினார்.

"வண்டி தங்கம் டீச்சர். போன வாரம்தான் ஃபுல் சர்வீஸ். பாருங்க, ஆறுக்கு ஆறு."

"ஆறுக்கு ஆறு எடுத்தவன் பேப்பரத்தான் அண்ணாச்சி நான் ரெண்டு தடவ பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, பானெட்டைத் திறக்கச் சொன்னார். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பொட்டெல்லாம் யாரு வச்சது?"

அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான். வண்டி உள்ள வந்த அன்னைக்கே என் கையால வச்சிருவேன். ஒரு வண்டிக்கும் தப்பாது."

"இந்த வண்டி எப்ப வந்துச்சு?"

"ஆடி பொறந்த அன்னைக்கு."

"அப்புறம் திரும்ப வைப்பீங்களோ?"

"ஒரு தடவ வச்சா வச்சதுதான். திரும்பத் திரும்ப அடிக்க இது என்ன பெயின்டா?"

பேச்சு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணாச்சிக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் ஆயில் மாத்தினீங்க?"

"மாத்துனோம்."

"இந்த மூடியத் திறந்துதான ஊத்தணும்?"

"பின்ன?"

"பொட்டு பாதி மூடியில இருக்கு, பாதி கீழ இருக்கு. காஞ்சி ஒட்டிக் கெடக்கு. மூடியத் திருகியிருந்தா ஒடஞ்சிருக்கணும்லா?"

பைபாஸில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டினார்.

"பாய் ரொம்பப் பக்குவமா வேலை பாப்பாரு டீச்சர்."

"எவ்வளவு பக்குவமா பாத்தாலும் திறந்துதான பாக்கணும்?"

"சில வண்டியில அடி வழியாவும்..."

"அடி வழியா ஆயில் இறங்கும். ஏறுததை நான் எங்கயும் படிக்கல."

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைக் காட்டினார், கூலன்ட் மூடியைக் காட்டினார், டைமிங் கவரைக் காட்டினார். எல்லாப் பொட்டும் வைத்தது வைத்தபடி. அண்ணாச்சிக்கு லேசாகக் கோபம் வந்துவிட்டது.

"பழைய வண்டின்னா அங்கன இங்கன ஏதாவது இருக்கத்தான் செய்யும் டீச்சர். எல்லாம் புதுசா வேணும்னா ஷோரூமுக்குல்லா போகணும்."

"இருக்கட்டும் அண்ணாச்சி. பாக்கி வேலை இருக்குன்னு நீங்க சொல்லியிருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்? இல்லன்னு டிக் போட்டிருக்கீங்களே, அதைத்தான் கேக்கேன். டிக் போடுதது என் தொழிலு."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "வே பாய், கையெழுத்துப் போட்டவரு நீரு. நீரே சொல்லும்."

அந்த வயதில் வேலை போனால் வேறு இடம் தேடுவது லேசில்லை. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் வாழைத் தோட்டத்து ஓரம் வெயிலில் நிற்கிற நாலு டீச்சர்கள்தான் தெரிந்தார்கள். அதுவும் நல்லபடி நின்றால். வளைவில், பின்னால் பஸ் வருகையில் இஞ்சின் நின்றால்?

"டீச்சர், கையெழுத்து என்னதுதான். வேலை ஒண்ணும் பாக்கல. மத்தது கூடப் பரவால்ல. டைமிங் பெல்ட் மாத்தாம இந்த வண்டிய நீங்க களக்காட்டுக்குக் கொண்டு போகக் கூடாது" என்றேன்.

அண்ணாச்சியின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். அவர் இதைப் படிப்பார்.

டீச்சர் கத்தவில்லை. "நாலு பேரு போறோம் அண்ணாச்சி. இந்த ஆறையும் நான் பாக்க முடிச்சுத் தாங்க, நீங்க சொல்லுத விலைக்கே எடுத்துக்கிடுதேன். இல்லன்னா நான் பஸ்ஸுலயே போயிக்கிடுதேன்."

அண்ணாச்சி ஆபீஸ் வாசலுக்கும் வண்டிக்கும் நாலு தடவை நடந்தார்.

"சரி. ஆனா இன்னைக்கு முடியாது."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை. பொட்ட அழிக்க மாட்டேன்."

"நாளைக்கு லீவுதான். ஒம்பது மணிக்கு வாரேன்."

"சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தர ராகு காலம்."

"பத்து முப்பத்தொண்ணுக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பஸ் ஏறினார்.

4. பத்து முப்பத்தொன்று

சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய விடைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை வண்டிக்கு நேராக இழுத்துப் போட்டு, சிவப்புப் பேனாவைத் திறந்து பேப்பர் திருத்த ஆரம்பித்துவிட்டார். மூடி திறக்கிற சத்தம் கேட்டால் மட்டும் தலை நிமிரும்.

அண்ணாச்சி ஈரத்துணியால் பொட்டைத் துடைப்பார், கண்ணில் ஒற்றிக்கொள்வார், நகர்ந்து நிற்பார். நான் மூடியைத் திறப்பேன். ஆயில் தார் மாதிரி வந்தது. அடுத்தது ஏர் ஃபில்டர் பெட்டி. திறந்தால் உள்ளே எலி ஒன்று குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. பஞ்சு, நூல், ஒரு குத்துக் கடலைத் தோடு. அண்ணாச்சி தினமும் சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து உரிக்கிற அதே கடலை.

அண்ணாச்சி அந்தத் தோட்டை ஒன்றிரண்டு எடுத்துப் பார்த்தார். "ஒண்ணும் உள்ள போகாதுன்னுல்லா நெனச்சேன்" என்றார் பாவமாக.

"எலி குழாய் வழியா வந்திருக்கு அண்ணாச்சி. மூடிய அது தொடல" என்றேன். அவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டைமிங் கவரைக் கழற்ற மதியம் ஆகிவிட்டது. பெல்ட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பல் இல்லை. மடக்கிப் பிடித்தால் முதுகெல்லாம் வெடிப்பு. அண்ணாச்சி அதை வாங்கித் தானும் ஒரு தடவை மடக்கிப் பார்த்தார்.

"எம்புட்டுத் தூரம் போயிருக்கும் பாய்?"

"களக்காடு போயிருக்கும். திரும்பி வந்திருக்குமான்னு சொல்ல முடியாது."

அண்ணாச்சி பெல்ட்டை வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார், டீச்சர் மடியில் இருந்த பேப்பர் கட்டைப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வெறும் கார்டு ஒன்று கொண்டு வந்தார்.

"டீச்சர், நீங்களே டிக் போடுங்க. என் கை வேண்டாம்."

ஒவ்வொரு வேலையும் முடிய முடிய டீச்சர் எழுந்து வந்து பார்த்துச் சிவப்பில் டிக் போட்டார். ஆறாவது டிக் விழும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். கை கூசாமல் அந்த மாதிரிக் கார்டில் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி புதுச் சந்தனம் குழைத்து ஆறு பொட்டும் வைத்தார். டீச்சர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சிவப்புப் பேனாவை நாற்காலியிலேயே மறந்துவிட்டார்.

அதற்கப்புறம் யார்டில் வழக்கம் மாறியது. முதலில் சர்வீஸ், பிறகுதான் பொட்டு. கொஞ்ச நாளில் அண்ணாச்சி வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம யார்டுல பொட்டுதான் வே சாட்சி. நான் யோசிச்சு வச்ச ஏற்பாடு" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் மறுக்கவில்லை.

5. டீச்சர் திரும்பி வந்தது

ஒன்றரை வருஷம் கழித்து அதே வெள்ளைக் கார் யார்டுக்குள் நுழைந்தது. டீச்சருக்குப் பாளையங்கோட்டைக்கே மாறுதல் கிடைத்துவிட்டது. இதைக் கொடுத்துவிட்டுச் சின்ன வண்டி ஒன்று எடுக்க வந்திருந்தார்.

"வண்டி எப்படி டீச்சர்?" என்றார் அண்ணாச்சி.

"தங்கம் அண்ணாச்சி. ஒரு நாள் வழியில நின்னதில்ல. சர்வீஸ் எல்லாம் டயத்துக்கு டயம்."

அண்ணாச்சி தானே போய் பானெட்டைத் திறந்தார். ஆயில் மூடியில் பொட்டு இல்லை. மற்ற ஐந்தும், அன்று சாயங்காலம் அவர் விரல் வைத்தது வைத்தபடி, காய்ந்து, தூசி படிந்து, ஒட்டிக் கிடந்தன.

அண்ணாச்சி பொட்டைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தெருவைப் பார்த்தார்.

"ஆயில் மாத்தினேன்" என்றார், வகுப்பில் பின்வரிசைப் பிள்ளையின் குரலில்.

"மத்த அஞ்சு?"

"காலாண்டுப் பரீட்சை வந்துச்சு... அப்புறம் எலெக்‌ஷன் டூட்டி... அடுத்த மாசம் அடுத்த மாசம்னு..."

அண்ணாச்சி ஆபீஸுக்குள் போனார். மேஜை டிராயர் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு வெறும் கார்டும், ஒன்றரை வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த சிவப்புப் பேனாவுமாகத் திரும்பி வந்தார்.

"ஆறுக்கு ஒண்ணு டீச்சர். நீங்களே போடுங்க."

டீச்சருக்கு வந்த சிரிப்பில் நிற்க முடியவில்லை. அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு டிக்கும் ஐந்து பெருக்கல் குறியும் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நான் பார்த்த ஒழுங்கான கார்டுகளில் அதுவும் ஒன்று. அந்த ஐந்தையும் திறந்து பார்த்து, வேண்டிய வேலையை முடித்த பிறகுதான் வண்டி விலைக்கு நின்றது.

தம்பிகளே, இதில் நான் படித்தது இரண்டு. பழைய வண்டி விற்க வருகிறவர் யாராக இருந்தாலும், அவர் வாய்க்குச் சர்வீஸ் போன வாரம்தான் ஆகியிருக்கும். பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை, செய்ய நினைத்ததைச் செய்ததாகவே நம்பிவிடுகிறார். அவரிடம் சண்டைக்கு நிற்காமல் மூடியைப் பாருங்கள். இன்னொன்று, நீங்கள் திறந்து பார்க்காத மூடிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ரோட்டில் போகிறவர்கள் உங்கள் பெயரை நம்பித்தான் போகிறார்கள்.

என் வீட்டு வாசலில் என்னுடைய ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது. அதில் பொட்டெல்லாம் கிடையாது. அதனால் அது கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டால் போன மாதம் என்று சொல்வேன்.