மூன்று தீவும் ஒரு சர்க்கார் படகும்

படகுச் சுற்றுலா போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்காகச் சொல்வது. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து, நகரசபைக் குப்பை லாரி ஓட்டி வயிறு வளர்க்கிறவன் நான். காலையில் படகு ஜெட்டிப் பக்கம் லாரியை நிறுத்தினால், முந்தின நாள் தீவுகளைப் பார்த்து மனம் குளிர்ந்து போனவர்கள் விட்டுப்போன இளநீர்க் கூடு, தண்ணீர் பாட்டில், பாதி தின்ற பிரியாணிப் பொட்டலம் எல்லாம் என் வண்டியில்தான் ஏறும். ஒருவன் என்னத்தைத் தின்று எங்கே எறிந்தான் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அவன் எடுக்கிற போட்டோவின் மேல் மதிப்பு வருவதில்லை.

இந்தப் பேச்சை இப்போது எடுக்கக் காரணம் என் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், வேலை விட்டு வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து மூன்று நோட்டீஸை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். மூன்றும் படகுச் சுற்றுலா நோட்டீஸ்.

அவளுக்கு எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. தினமும் ஃபோர்ட்டு கொச்சி ஜெட்டியில் சர்க்கார் படகு ஏறி அக்கரைக்குப் போவாள், சாயங்காலம் அதே படகில் திரும்புவாள். தங்கினவர்கள் அறையைக் காலி செய்யும்போது மேசை மேலும் கட்டிலுக்கு அடியிலும் போட்டுவிட்டுப் போன நோட்டீஸ்கள் அவை. குப்பைக் கூடைக்குப் போகவேண்டியதை மடிப்புக்கூட விழாமல் எடுத்து வந்திருந்தாள்.

“என்னங்க, அடுத்த மாசம் நமக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம். இதில ஏதாவது ஒண்ணுல போலாமா? ஒரே ஒரு நாள்” என்றாள்.

“தினமும் படகுலதானே போறே?”

“அது வேலைக்குப் போறது. ஒரு நாளாவது நான் சும்மா உட்கார்ந்திருக்கணும். வேற யாராவது வந்து கையில சாயா கொடுக்கணும். அவ்வளவுதான்.”

அவள் தேனிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், உன்னைத் தீவு தீவாகப் படகில் கூட்டிப் போகிறேன் என்று நான் சொல்லியிருந்தேனாம். அந்த வயதில் எவன்தான் சொல்லவில்லை. நான் மறந்துபோனேன், அவள் மறக்கவில்லை. இந்த இருபத்தைந்து வருஷத்தில் தனக்கென்று அவள் என்னிடம் கேட்டது வேறு எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எது நல்லது என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அங்கே பிடித்தது சனி.

முதல் நோட்டீஸ், மாடி வைத்த பெரிய படகு. மூன்று தீவைச் சுற்றிக்காட்டி, பாட்டும் ஆட்டமும் போட்டு, சூரியன் மறைவதைக் காட்டிக் கரையில் இறக்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மஞ்சள் பனியன் மாட்டின ஒரு கூட்டம், ஏதோ கம்பெனி ஆட்கள், படகின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே ஆட ஆரம்பித்திருந்தார்கள். கட்டிக்கிடக்கிற படகில் ஆடுவதற்கு அவரவர் வீட்டு மொட்டைமாடி போதாதா? ஒலிபெருக்கியில் ஒருத்தன் “எல்லாவரும் கை பொக்கு” என்று கத்தினான். ஐம்பது வயது ஆசாமிகள் கையைத் தூக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லித் தூக்காத கை.

டிக்கெட் விற்கிறவனிடம் விவரம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். “சேட்டா, இது டூரிஸ்டுகார்க்கு உள்ளதாணு. நாட்டுகாரு ஆரும் இதில் கயறில்லா” என்று சிரித்தான். ஊர்க்காரன் எவனும் ஏறமாட்டானாம். அவன் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. ஊரை ஏமாற்றுகிறவன்கூட நம்மை ஏமாற்ற வெட்கப்படுகிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது நோட்டீஸ் கிராம வாழ்க்கை. சின்ன வள்ளத்தில் ஒரு தீவுக்குக் கூட்டிப் போய் கயிறு திரிப்பதைக் காட்டுவார்கள், கள் ஊற்றுவார்கள், மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் இலையில் வைப்பார்கள். கயிறு திரிக்கிற அந்தச் சேச்சியை எனக்குத் தெரியும். கலூரில் பிளாட்டில் இருக்கிறார். காலையில் இரண்டு பஸ் மாறி அந்தத் தீவுக்குப் போய், செட்டு முண்டு உடுத்திக்கொண்டு, ஆள் வந்தால் ராட்டை சுற்றுவார், ஆள் போனதும் போனை எடுத்துவிடுவார். அவர் பிழைப்பு, அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் பக்கத்தில் நின்று, நாங்களும் கிராமத்தைப் பார்த்துவிட்டோம் என்று கண்கலங்குகிறவர்களைச் சொல்கிறேன். திருப்பூணித்துறையிலிருந்து கார் போட்டு வந்து கப்பையை ஏதோ பார்க்காததைப் பார்த்ததுபோல் போட்டோ எடுக்கிறார்கள். வீட்டில் தின்னாத கப்பையா?

மூன்றாவது நோட்டீஸ் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐந்து தீவு. வரிசையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. அதில் இரண்டு தீவுக்குப் பாலம் இருக்கிறது, டவுன் பஸ் போகிறது. பஸ் போகிற இடத்துக்குப் பெயர் தீவாம். இன்னொன்று வெல்லிங்டன் தீவு. கப்பல் வருவதற்காக ஆழம் தோண்டின மண்ணைக் கொட்டி உண்டாக்கின இடம் அது. கொட்டின மண்ணைப் பார்க்க ஆரஞ்சுக் கலர் மிதவைச் சட்டை மாட்டி ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். கொட்டுகிற விஷயத்தில் எனக்கா பாடம் எடுப்பது? மொத்தத்தில் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிற வேலை.

இதையெல்லாம் ஒவ்வொரு சாயங்காலமும் மனைவியிடம் சொன்னேன். நன்றாகச் சொல்வேன், எனக்கு அந்தத் திறமை உண்டு. மஞ்சள் பனியன்காரர்கள் போல ஆடியும் காட்டினேன். முதல் நாள் அவள் சிரித்தாள். இரண்டாம் நாள், “எதுல பார்த்தாலும் ஒரு குறை. அந்தப் பெரிய படகு இருந்துட்டுப் போகட்டுமே, பாட்டுப் போட்டா காதையா கடிச்சிரும்?” என்றாள். மூன்றாம் நாள் கப்பைத் தோலை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “நீங்களே ஒண்ணு முடிவு பண்ணுங்க. நான் அன்னைக்கு லீவு மாத்தி வச்சுக்கிறேன்” என்றாள். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். அவளும் எந்தப் படகு என்று அப்புறம் கேட்கவில்லை. அந்த ஒரு நாள் லீவு கிடைக்க அவள் வேறொருத்திக்காக இரண்டு ஞாயிறு வேலை பார்த்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அந்த நாள் வந்தது. தம்பி மகள் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டினாள். தலை நிறையப் பூ. பையில் முறுக்கு வைத்திருந்தாள், மடிப்புக் குடை வைத்திருந்தாள், மேல்மாடியில் காற்று அடிக்கும் என்று ஒரு துண்டும் வைத்திருந்தாள். அந்தத் துண்டைப் பார்த்தபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். “எங்கேன்னு கேட்காதே, வா” என்று மட்டும் சொன்னேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து உள்ளுக்குள் எனக்கு ஒரே சிரிப்பு.

ஜெட்டிக்குப் பக்கத்தில் இடது புறம் சுற்றுலாப் படகுகள் நிற்கும், வலது புறம் சர்க்கார் படகுக்கு டிக்கெட் கொடுக்கிற ஜன்னல். அவள் கால் தானாக இடப்பக்கம் திரும்பியது. நான் முழங்கையைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினேன்.

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். “இதுவா?” என்றாள்.

“இதுதான். அவன் காட்டுற அதே தண்ணி, அதே தீவு. பாட்டுத் தொல்லை மட்டும் கிடையாது.”

இங்கே பெண்களுக்குத் தனி வரிசை, அது எப்போதும் சின்னது. அதனால் குடும்பத்தோடு வருகிற ஆண்கள் மனைவியை அந்த வரிசையில் நிறுத்திவிட்டு ஓரமாக நிற்பதுதான் வழக்கம். நானும் ஓரமாகத்தான் நின்றேன். பட்டுச் சேலையோடு அவள் வரிசையில் நின்று, ஜன்னலுக்குள் கையை விட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கினாள். சில்லறை அவள் கையில் தயாராக இருந்தது. தினமும் கொடுத்துப் பழகின கை.

படகு புறப்பட்டதும் ஜன்னலோரத்தில் அவளை உட்காரவைத்து, நான் வழிகாட்டியாகிவிட்டேன். “பார், அந்தப் பக்கம் வைப்பின். அதோ போல்காட்டி. இந்தப் பக்கம் நம்ம கொட்டின மண்ணு, வெல்லிங்டன். மூணு தீவு ஆச்சா?” என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் கூடியது.

“தெரியும். தினமும் பார்க்கிறேன்” என்றாள் அவள்.

அப்போதுதான் எதிர் சீட்டில் இருந்த ஒரு சேச்சி எட்டிப் பார்த்தார். இவளோடு அதே ஹோட்டலில் வேலை செய்கிறவர். “எந்தா, இந்நு லீவல்லே? பட்டுசாரியொக்கெ உடுத்து எங்ஙோட்டா?” என்று கேட்டார். லீவு நாளில் பட்டு உடுத்தி எங்கே புறப்பாடு என்று அவர் பிரியமாகத்தான் கேட்டார். படகில் பாதிப் பேர் தினமும் அவளோடு வேலைக்குப் போகிறவர்கள். எல்லாரும் திரும்பி அந்தச் சேலையைப் பார்த்தார்கள்.

நான் முந்திக்கொண்டு, “சும்மா, ஒரு டூர்” என்றேன். சேச்சி அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு தன் கஷ்டத்தைச் சொன்னார். இன்று இரண்டு பேர் வரவில்லை, ஒரு மாடி முழுக்கத் தானே பார்க்கவேண்டும், முதுகு ஒடியப்போகிறது என்றார். மனைவி கேட்டுக்கொண்டே பையிலிருந்து முறுக்கை எடுத்து அவருக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

எர்ணாகுளத்தில் இறங்கினோம். நல்ல கடையாகப் பார்த்து மசால் தோசை, அப்புறம் பார்க்கில் உட்காருவது, அடுத்த படகில் திரும்புவது என்று நான் திட்டம் வைத்திருந்தேன். மசால் தோசை என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, முன்னால் போய்க்கொண்டிருந்த சேச்சியைக் கூப்பிட்டாள்.

“சேச்சி, ஆள் குறைவுன்னு சொன்னீங்கல்ல, நில்லுங்க. நானும் வர்றேன்.”

சேச்சிக்குப் புரியவில்லை. “நினக்கு இந்நு லீவல்லே?” என்றார்.

“வேலைக்குப் போற படகுல ஏத்திவிட்டா வேலைக்குத்தானே போகணும்” என்றாள். குரல் உயரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “யூனிஃபார்ம் அங்கேயே இருக்கு. நீங்க தோசை சாப்பிட்டுட்டுப் போங்க. படகு அரை மணிக்கு ஒண்ணு இருக்கு” என்றாள்.

போய்விட்டாள். மாம்பழக் கலர் முந்தானை கூட்டத்தில் கொஞ்ச தூரம் தெரிந்தது. நான் தோசை சாப்பிடவில்லை. ஆண்கள் வரிசையில் நின்று ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எத்தனையோ பேரைக் கேவலமாகப் பார்த்திருக்கிறேன், அன்று படகில் என்னைவிடக் கேவலமானவன் ஒருத்தனும் இல்லை. கண்டவர்களையெல்லாம் கழுதை, கற்பூர வாசனை தெரியாதவன் என்று பேசினவன் நான், கடைசியில் கழுதை யாரென்று எனக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் அவள் வந்தாள். சேலையை மடித்து பீரோவில் வைத்தாள், சோறு வடித்தாள், எனக்குப் பரிமாறினாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். அவள் திட்டவில்லை. பெரிய படகிலேயே போகலாம், நான் டிக்கெட் எடுக்கிறேன் என்று அடுத்த வாரம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். வேண்டாம் என்றாள்.

போன வருஷம் ஒரு நாள் அந்த ஹோட்டல் சேச்சி போனில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். மாடி வைத்த பெரிய படகு. ஹோட்டல் பெண்கள் ஏழெட்டுப் பேர், எல்லார் தலையிலும் ரோஸ் கலர்த் தொப்பி. நடுவில் என் மனைவி, ஒரு கையில் சாயா கிளாஸ், இன்னொரு கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறாள். பின்னால் ஒலிபெருக்கி. நான் எதையெல்லாம் ஆடிக்காட்டிச் சிரிக்கவைத்தேனோ அதெல்லாம் அந்தப் படத்தில் இருந்தது, ஒன்று பாக்கியில்லை. அன்று டபுள் டியூட்டி என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

படத்தைக் காட்டிக் கேட்டேன். மறைக்கவில்லை. “ஆமா, போனேன்” என்றாள்.

“நல்லா இருந்ததா?”

“நல்லா இருந்தது.”

எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கிண்டல் இல்லை, சத்தியமாக இல்லை. “மூணு தீவுல உனக்கு எது பிடிச்சுது? என்ன பார்த்தே?” என்று கேட்டேன்.

போனை என் கையிலிருந்து வாங்கி அணைத்து மேசை மேல் கவிழ்த்து வைத்தாள்.

“அதைச் சொல்ல மாட்டேன்” என்றாள். “சொன்னா அதுலயும் நீங்க ஒரு குறை சொல்லிருவீங்க. அப்புறம் எனக்கும் அது அப்படித்தான் தெரியும்.”