மூன்றாவது கையெழுத்து

அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பிளெய்ன்ஸ்பரோவில் தூறல். காபி, மூன்று இட்லி. ஏழு ஐம்பதுக்கு மைத்துனனின் பீர் ஆலையில் இருந்தேன். டெக்சாஸுக்கு முதல் லாரி பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.

என் மனைவியின் தம்பியான அவன் பிஸ்கட்டவேயில் ஒரு பழைய கிடங்கை எடுத்து ஆலையைத் தொடங்கியபோது, மருந்துக் கம்பெனியில் தரம் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டான். நான் குடிப்பதில்லை; முகர்ந்து, வாயில் வைத்துத் துப்பிவிடுவேன். “குடிக்காதவன் மூக்குதான் வேணும் மச்சான், அது ஆசைப்படாது” என்பான். விதியும் அவன் போட்டதுதான். அவன், பீர் காய்ச்சுபவர், நான் என்று மூவரும் கையெழுத்திட்டால்தான் சரக்கு வெளியே போகும். ஒருவர் மறுத்தாலும் கொட்டிவிட வேண்டும். முதல் வருடம் நான் மறுத்த தொட்டியை அவனே திறந்துவிட்டான். நுரை ஷூவுக்குள் ஏறியும் நகராமல் நின்றான். அதைப் பார்த்துத்தான் பழைய வேலையை விட்டேன். இப்போது அந்தக் கிடங்கில் யாரோ டயர் விற்கிறார்கள். அவன் என் போனை எடுப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பீர் கேனைத் திறந்ததும், பீரில் வரக்கூடாத வெண்ணெய் வாடை அடித்தது. பீர் இன்னும் நான்கு நாள் தொட்டியில் கிடந்திருந்தால் அந்த வாடை போயிருக்கும். லாரிக்காக அவசரமாக அடைத்துவிட்டார்கள். பீர் காய்ச்சுபவர் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்கார்ன் மாதிரி அடிக்குது, மாப்ள.”

“பாப்கார்ன் யாருக்குத்தான் பிடிக்காது? சைன் பண்ணுங்க மச்சான்.”

நான் பேனாவை எடுக்கவில்லை. அவன் சிரிப்பு போய்விட்டது.

“இந்த லாரி போகலைன்னா அந்த டெக்சாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் வேற ஆளைப் பார்த்துக்குவான். இங்க இருபது பேர் இருக்காங்க. இந்த ஒரு தடவைதான்.”

சின்ன ஆலையாக இருந்தபோது ஒரு தொட்டியைக் கொட்ட அவனுக்கு மனம் இருந்தது. வளர்ந்த பிறகும் அந்த மனம் போய்விடவில்லை. அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான்கு நாள் காத்திருக்கத்தான் இடமில்லாமல் போயிருந்தது. கெட்டவனாக மாறியிருந்தால் மறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்பது நாற்பதுக்குக் கையெழுத்திட்டேன். லாரி போயிற்று. தினமும் எழுதும் டைரியில் அன்று தேதியைத் தவிர எதுவும் எழுதவில்லை.

மறுநாள் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், அந்த டிஸ்ட்ரிபியூட்டரின் ஃபிரிஸ்கோ கிடங்குக்குப் போன் செய்தேன். வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை இறக்க வேண்டாம், அது சரியில்லை, தெரிந்தே கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்று சொன்னேன்.